ஒரு பேரெண்ணின் வரலாறு

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரைகளும் பாராட்டுரைகளும் நிகழ்வது மரபு. அவற்றை எனக்கு முன்னர்ப் பேசிய பெரியோர்கள் நிறைவாகவே செய்துவிட்டனர். ஆதலின் எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தில் கணக்கைப் பற்றிப் பேச விழைகின்றேன். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் இவ்வுரையை இறுதிவரை பின்தொடரலாம். நான் பேசப்போவது ஒரே ஓர் எண்ணைப் பற்றி. அதை இக்கரும்பலகையில் எழுதுகின்றேன்.

147573952589676412927

இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட எண் இது. நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 14,75,73,95,25,89,67,64,12,927 ஆகும். கோடியைக் கோடியால் பெருக்கி, அதனை ஓர் அலகாகக் கொண்டு அளந்தால், 14 இலட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடிக்கும் மேற்பட்டது. இவ்வெண்ணைப் பற்றிய கேள்வியோ மிகச் சிறியது: இது பகா எண்ணா, அன்றா? அச்சிறு கேள்விக்கு முழு விடை காண 259 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றில் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு என்பதாலேயே இதனைத் தேர்ந்தெடுத்தேன்.

எண் பிறந்த வகை

சதுரங்கக் கதையை நீங்கள் அறிவீர்கள். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசாகத் தானியம் கேட்டான். முதற்கட்டத்திற்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று, கட்டந்தோறும் இருமடங்காகக் கேட்டான். அரசன் நகைத்து இசைந்தான். பின்னர்த் தன் களஞ்சியம் முழுவதும் போதாமை கண்டு திகைத்தான். பலகையின் 64 கட்டங்களுக்கும் உரிய மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள்.

அப்பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்து, 67 கட்டங்களுக்கும் மணிகள் வைத்தால் வரும் மொத்தமே நம் எண். கூட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 1+2=3; இது 4இல் ஒன்று குறைவு. 1+2+4=7; இது 8இல் ஒன்று குறைவு. 1+2+4+8=15; இது 16இல் ஒன்று குறைவு. ஆகவே 67 கட்டங்களின் மொத்தம் என்பது, 2ஐ 67 தடவை எழுதிப் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்ததாகும். இதனை 2⁶⁷−1 என்று எழுதுவர்.

அத்தனை தடவை பெருக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டா. 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4, 4ஐ அதனாலேயே பெருக்கினால் 16, அவ்வாறே 256, பின் 65,536, பின் 429,49,67,296. இன்னும் ஒரு முறை அவ்வாறு செய்தால் 2இன் 64ஆம் அடுக்கு கிடைக்கும். அதனை 8ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்தால் நம் எண் வந்து நிற்கும்.

பகா எண் என்பது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண். 2, 3, 5, 7, 11, 13 என்பவை அத்தகையன. 15ஓ 3ஆலும் 5ஆலும் வகுபடும். ஆகவே அது பகு எண். சிறிய எண்களில் இவ்வேறுபாட்டைக் காண்பது எளிது. எண் பெரிதாகப் பெரிதாக இது கடினமாகின்றது.

இருமடங்குத் தொகைகளில் ஒன்று குறைந்த இவ்வகை எண்களின்மீது அறிஞர்கள் பழங்காலந்தொட்டே ஆர்வம் கொண்டிருந்தனர். 6ஐ வகுக்கும் சிற்றெண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. 28ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் மீண்டும் 28. இவற்றைச் செவ்விய எண்கள் என்பர். கிரேக்க அறிஞர் யூக்ளிட், ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னரே, 3, 7, 31, 127 போன்ற இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செவ்விய எண்ணை உண்டாக்கலாம் என்று நிறுவினார்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. அடுக்கு 2 என்றால் 3 வரும். அடுக்கு 3 என்றால் 7. அடுக்கு 5 என்றால் 31. அடுக்கு 7 என்றால் 127. நான்கும் பகா எண்கள். எனவே அடுக்கு பகா எண்ணாயின் விடையும் பகா எண்ணே என்று முடிவு கட்டத் தோன்றும். அடுத்த பகா எண் 11. 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 2047. அதுவோ 23ஐ 89ஆல் பெருக்கி வருவது! நான்கு முறை நடந்தது ஐந்தாம் முறையும் நடந்தே தீரும் என்ற நம்பிக்கை கணிதத்தில் செல்லாது.

பெரியவர் ஒருவரின் பட்டியல்

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மரேன் மெர்சேன் என்ற துறவி வாழ்ந்தார். ஐரோப்பிய அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டதை மற்றொருவர்க்குத் தெரிவித்து, அறிவை வளர்த்த பெருமகன் அவர். 1644இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும் என்பது அவருடைய கூற்று. அப்பட்டியலில் 67 இருப்பதைக் கவனியுங்கள். நம் எண் பகா எண் என்று மெர்சேன் கூறிவிட்டார் என்பது பொருள்.

அவர் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தார் என்பதை நூலில் விளக்கவில்லை. 15 அல்லது 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியவர். ஆயினும் இவ்வகை எண்களுக்கு இன்றளவும் மெர்சேன் எண்கள் என்றே பெயர். அவர் பெயரோடு அப்பட்டியலும் நிலைத்தது. பட்டியலில் உள்ள 31ஐ 1772இல் ஆய்லர் என்ற மேதை சோதித்து, அது பகா எண்ணைத் தருவது மெய்யே என்று நிறுவினார். 67ஓ எவராலும் மெய்ப்பிக்கவும் மறுக்கவும் படாமல் 232 ஆண்டுகள் நின்றது.

திறவாத பெட்டி

1876இல் எடுவார்டு லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் புதிய சோதனை ஒன்றைக் கண்டார். அதனை 1930இல் லெமர் என்ற அமெரிக்க அறிஞர் எளிமையாக்கினார். அவ்வெளிய வடிவை 31 என்ற சிற்றெண்ணைக் கொண்டு காட்டுகின்றேன்.

4இல் தொடங்குங்கள். அதனை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழியுங்கள்; 14 வரும். மீண்டும் அவ்வாறே செய்யுங்கள், 194 வரும். இதனை 31ஆல் வகுத்து, மீதி 8ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 8ஐ அதனாலேயே பெருக்கி 2ஐக் கழித்தால் 62. 31ஆல் வகுத்தால் மீதி இல்லை. அடுக்கு 5 ஆகையால், அதனினும் இரண்டு குறைவாக மூன்று முறை செய்தோம். மூன்றாம் முறையில் மீதி சுழியாயிற்று. ஆகவே 31 பகா எண். சுழி வரவில்லையாயின் பகு எண். நம் எண்ணுக்கு இதனை 65 முறை செய்ய வேண்டும். செய்தால் இறுதியில் சுழி வருவதில்லை.

ஆக, 2⁶⁷−1 பகா எண் அன்று என்பதை லூக்காஸ் 1876இல் நிறுவிவிட்டார். ஆனால் இங்கே ஒரு வியப்பு. எந்த எண்ணால் அது வகுபடும் என்பதை அச்சோதனை சொல்லவில்லை. பூட்டிய பெட்டியை அசைத்துப் பார்த்து, உள்ளே இரு பொருள்கள் உரசும் ஒலியைக் கேட்டாயிற்று, பெட்டியோ திறக்கவில்லை. பகு எண் என்று அறிவது வேறு. அதன் காரணிகளை எடுத்துக் காட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு எவ்வளவு என்பதை இனிக் காண்போம்.

தேடலின் பரப்பு

ஓர் எண்ணின் காரணியைத் தேட, அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,214 கோடி. இரட்டைப்படை எண்களை விடுத்து, நொடிக்கு ஒன்றாக வகுத்தால்கூட, ஊணும் உறக்கமும் இன்றி 192 ஆண்டுகள் ஆகும்.

ஆனால் 1640இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை ஒன்று நமக்குத் துணை நிற்கின்றது. இத்தகைய எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 2047ஐப் பாருங்கள். அடுக்கு 11, இருமடங்கு 22. 23ஐ 22ஆல் வகுத்தால் மீதி 1; 89ஐ வகுத்தாலும் மீதி 1. நம் எண்ணுக்கு அடுக்கு 67, இருமடங்கு 134. ஆகவே 134இன் மடங்கினும் ஒன்று கூடுதலான எண்களை மட்டுமே சோதித்தால் போதும். அன்றியும், காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவோ 7 ஆகவோ இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. அதனால் எஞ்சியவற்றிலும் பாதி நீங்கும்.

இவ்விரு விதிகளையும் கொண்டு சிறியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துச் சென்றாலும், முதற்காரணியை அடையும் முன் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட வகுத்தல்களைச் செய்ய வேண்டும் என்பது இன்று நமக்குத் தெரியும். 21 இலக்க எண்ணைக் கையால் வகுக்கப் பத்து நிமிடம் என்று கொண்டு, நாள்தோறும் எட்டு மணிநேரம் உழைத்தால், 41 ஆண்டுகள்! பாதி வழியில் ஓர் இலக்கம் பிழைத்தாலோ அவ்வளவும் வீண். அறிவற்ற உழைப்பு மட்டும் இங்கே வெல்லாது. உழைப்பற்ற அறிவும் வெல்லாது. வழியைக் குறுக்கும் நுட்பமும், குறுக்கிய பின்னும் எஞ்சிய பெருந்தொலைவை நடந்து கடக்கும் பொறுமையும் ஒருவரிடமே சேர வேண்டும்.

கரும்பலகையில் பேசாத பேச்சு

அவ்வாறு இரண்டும் சேர்ந்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1861இல் பிறந்த அவர், 1895 முதல் 1926இல் மறையும் வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பொருளாதாரம் பயின்றதும் அதே பல்கலைக்கழகத்தில்தான் என்பதை இக்கூட்டத்தினர் அறிந்து மகிழலாம்.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நியூயார்க்கில் நடந்தது. பேரெண்களின் காரணிகளைக் காணுதல் பற்றிக் கோல் உரையாற்றுவார் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று நடந்ததை ஈ. டி. பெல் என்ற கணித அறிஞர் பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். கோல் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, ஒன்றைக் கழித்து, வந்த எண்ணை எழுதினார். பின்னர்ப் பலகையின் மறுபுறம் சென்று இரண்டு எண்களை எழுதி, பள்ளி மாணவன் செய்வதுபோல் வரிவரியாகப் பெருக்கினார்.

193707721 × 761838257287

பெருக்குத் தொகை முதலில் எழுதிய எண்ணோடு இலக்கத்திற்கு இலக்கம் பொருந்தியது. கோல் பேசாமலே தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையோர் கைதட்டி வரவேற்றனர். எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. வினாவுக்கு இடம் ஏது? இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் 1911இல் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையளித்தாராம். மூன்று ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகள் சுமார் 156. நாற்பத்தோர் ஆண்டு வேலையை 156 நாள் வேலையாகக் குறுக்கியது அவருடைய நுட்பம்; அந்த 156 நாளையும் ஓய்வின்றிக் கொடுத்தது அவருடைய பொறுமை.

நீங்களே சோதியுங்கள்

மாணவர்களே, நான் சொன்னேன் என்பதற்காக இதனை நம்ப வேண்டா. இல்லத்திற்குச் சென்று தாளில் பெருக்கிப் பாருங்கள். 193707721 என்பதில் ஒன்பது இலக்கங்கள். அவற்றுள் ஒன்று சுழி, இரண்டு 1கள், மூன்று 7கள். ஆகவே 9, 3, 7, 2 என்ற நான்கால் மட்டும் பெருக்கி, இடம் பார்த்து எழுதிக் கூட்டினால் போதும்.

அதற்கு முன் விரைவான சோதனை ஒன்றும் உண்டு. முதற்காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. 3ஐயும் 7ஐயும் கூட்டினால் 10. அதையும் கூட்டினால் 1. இரண்டாங்காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 64. அதுவும் 10 ஆகி 1 ஆகும். 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. நம் பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109. அது 10 ஆகி, இறுதியில் 1. பொருந்துகின்றது அன்றோ? ஆனால் எச்சரிக்கை: இச்சோதனையில் பொருந்தாவிடின் பெருக்கல் பிழை என்பது உறுதி, பொருந்தினாலோ சரி என்பது உறுதியன்று. முழுப் பெருக்கலே முழுச் சான்று.

ஃபெர்மாவின் விதியையும் சோதிக்கலாம். 193707721இல் ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தால் மீதியின்றி 14,45,580 வரும். 761838257287இல் ஒன்றைக் கழித்து வகுத்தால் மீதியின்றி 568,53,60,129 வரும். 8ஆல் வகுத்தால் முதலாவதற்கு மீதி 1. மற்றதற்கு மீதி 7. விதிகள் சொன்னபடியே இருக்கின்றன.

மெர்சேனின் பட்டியலில் 257உம் பிழை என்று 20ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. அவர் விட்டுவிட்டவையும் மூன்று: 61, 89, 107. 61ஐ 1883இல் கண்டவர் பெர்வூஷின் என்ற உருசிய நாட்டுச் சிற்றூர்ப் பாதிரியார். மெர்சேன் 61 என்று எழுதக் கருதியதே 67 என்று அச்சில் மாறியதோ என ஐயுறுவாரும் உளர். எதுவாயினும், பட்டியல் முழுவதும் சோதித்துத் திருத்தப்பட 1947 வரை ஆயிற்று. அதனால் மெர்சேனின் புகழ் குன்றிவிடவில்லை. அவர் தந்த கேள்வியே பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று. பெரியோரைப் போற்றுவது ஒன்று. அவர் கூற்றைச் சோதிப்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இதனால் பயன் என்ன?

இத்தனை உழைப்பால் சோறு வருமா, துணி வருமா என்று எவரேனும் கேட்கலாம். கோலின் காலத்தில் இதற்கு விடை இல்லை. இன்று உண்டு. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கிய தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடிது. அரைமணி நேரப் பெருக்கலுக்கும் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் இந்த வேறுபாட்டையே பூட்டாக்கி, இரகசியச் செய்திகளைக் காக்கும் முறை ஒன்றை வகுத்தனர். அவ்வாண்டு அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் ஒன்றின் காரணிகளை, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணினிகள் ஒன்றுகூடி 1994இல் கண்டன. பூட்டு உடைந்ததும் எண்ணைப் பெரிதாக்கினர். 617 இலக்க எண்கள் வழக்கிற்கு வந்தன. வங்கிக் கணக்கையும் கடிதத்தையும் கணினிவழி காக்கும் முறைகளுக்கு இத்தகைய பேரெண்கள் அடித்தளமாயின. பயன் கருதாது தேடிய அறிவு, பிறிதொரு தலைமுறைக்குப் பயன் தந்தது.

மெர்சேன் வகைப் பகா எண்களைத் தேடும் பணியும் ஓயவில்லை. 1996 முதல் தன்னார்வலர்கள் கணினிகளை இணைத்துத் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்த எண், 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைவானது. அதற்கு 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள்! அதனைச் சோதித்ததும் லூக்காஸும் லெமரும் கண்ட அதே வழியின் துணைகொண்டுதான்: 4இல் தொடங்கு, அதனாலேயே பெருக்கு, 2ஐக் கழி.

இளைஞர்களே! இவ்வெண்ணின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான். புகழ்பெற்ற ஒருவர் சொன்னார். அச்சிட்ட நூலில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கற்றோர் அதனை எடுத்துரைத்தனர். அவை மூன்றும் சேர்ந்தும் ஒரு பொய்யை மெய்யாக்க இயலவில்லை. அதனை வீழ்த்தியது ஆரவாரமும் அன்று, வசையும் அன்று. ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு பெருக்கலும். பெருக்கியவர் பேராசிரியர் என்பதால் விடை சரியாகிவிடவில்லை. அதே பெருக்கலை நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயிலும் ஏழாம் வகுப்புச் சிறுமி செய்தாலும் அதே 21 இலக்கங்கள்தாம் வரும். எண் உங்கள் பெயரைக் கேளாது, ஊரைக் கேளாது, குலத்தைக் கேளாது. பெருக்கியது சரியா என்று மட்டுமே கேட்கும்.

ஆகவே எவர் எதைச் சொன்னாலும், அது உங்களைப் பற்றியதாயினும், உலகைப் பற்றியதாயினும், சான்று எங்கே என்று அமைதியாகக் கேளுங்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லும்போதும் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பிழை என்று அறிந்ததோடு நின்றுவிடாமல், பெட்டியைத் திறந்து காட்டும் வரை உழையுங்கள். உங்களுக்கும் வாரந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகின்றது. அதில் சில மணிநேரத்தையேனும் கடினமான ஒரு கேள்விக்கென்று ஒதுக்குங்கள். 25 ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றிய இக்கழகத்திற்கு நீங்கள் செலுத்தும் நன்றி அதனினும் வேறில்லை.